புள்ளலூர்த் தூண்களும் நான் அனுப்பிய வீடியோவும்

கொஞ்சம் நீளமான பதிவு. பஸ்ஸில் பாதி, வீட்டில் பாதி என்று படித்தாலும் பரவாயில்லை, கடைசி வரை படித்துவிடுங்கள். கடைசியில் நான் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

போன மாதம் அண்ணன் மகள் வீட்டு விசேஷத்துக்குக் காஞ்சிபுரம் போயிருந்தேன். திரும்பும்போது டிரைவர் தம்பியிடம் சொல்லி வண்டியைப் புள்ளலூர் பக்கம் விடச் சொன்னேன். 1996இல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர்களுக்கு அந்த ஊர் நினைவிருக்கும். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனோம். வயலுக்கு நடுவில் இரண்டு தூண்கள். ஊர்க்காரர்கள் வெள்ளைக்காரன் சமாதி என்பார்கள். அன்று நான் உங்களிடம், "1780இல் ஹைதர் அலியிடம் தோற்றுச் செத்த ஆங்கிலேயர்களின் நினைவுத் தூண்கள் இவை" என்று சொன்னேன். அது தவறு. அடுத்த ஆண்டு, 1781 ஆகஸ்ட் 27 அன்று அதே இடத்தில் நடந்த இரண்டாவது போரில் இறந்த இரண்டு அதிகாரிகளுக்கு வைத்தவை. 25 வருஷம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. திருத்திக்கொள்ளுங்கள்.

புள்ளலூருக்குப் போர் புதிதல்ல. மகேந்திரவர்மப் பல்லவன் தன் பகைவர்களைப் புள்ளலூரில் அழித்தான் என்று காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரே ஒரு வரிதான் இருக்கும். ஆனால் நான் சொல்ல வந்தது 1780ஆம் வருஷத்துப் போரை.

அந்த ஜூலையில் ஹைதர் அலி ஏறக்குறைய 80,000 பேரோடு மலைக் கணவாய்களைக் கடந்து ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கினார். ஆகஸ்டில் அவருடைய குதிரைப்படை சென்னையின் வாசல் வரை, பரங்கிமலைப் பக்கம் வரை வந்து போனது. கம்பெனிப் படைக்குத் தானியமோ வைக்கோலோ கிடைக்கக்கூடாது என்று வழியில் இருந்த கிராமங்களைக் கொளுத்தினார்கள். நம் தாலுகாவும் காஞ்சிபுரம் தாலுகாவும் அந்த வழியில்தான் இருந்தன. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு சென்னைக்கு ஓடினார்கள். இதை மறைக்க வேண்டியதில்லை. திப்பு பின்னாளில் குடகிலும் மலபாரிலும் கட்டாய மதமாற்றம் செய்ததையும் மறைக்க வேண்டியதில்லை.

செப்டம்பர் 10 அன்று கர்னல் பெய்லி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களோடு புள்ளலூர் பக்கம் வந்து மாட்டிக்கொண்டார். தளபதி மன்றோ காஞ்சிபுரத்தில் பெரிய படையோடு உட்கார்ந்திருந்தார், வந்து சேரவில்லை. மைசூர் ராக்கெட்டுகள் பறந்தன. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. அதோடு கதை முடிந்தது. மன்றோ பீரங்கிகளைக் காஞ்சிக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்கு ஓடினார். (அந்த ராக்கெட் படையை அமெரிக்காவில் வாலப்ஸ் என்ற இடத்தில் நாசா கட்டடத்தில் ஓவியமாகப் பார்த்ததாக அப்துல் கலாம் ஐயா தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.)

இந்தப் போரில் யார் யார் எந்தப் பக்கம் என்று பாருங்கள். கம்பெனியின் கூட்டாளி ஆற்காட்டு நவாப் முகமது அலி, ஒரு முஸ்லிம். ஹைதரின் கூட்டாளிகள் மராட்டியரும் ஐதராபாத் நிஜாமும். திப்புவின் திவான் பூர்ணய்யா ஒரு பிராமணர். பெய்லியின் படையில் செத்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள் இல்லை, சம்பளத்துக்குச் சேர்ந்த நம் நாட்டுச் சிப்பாய்கள். அவர்களுக்குத் தூண் எதுவும் கிடையாது. மதத்துக்காக நடந்த போர் என்று இதைச் சொல்ல எந்த வழியும் இல்லை.

ஆனால் லண்டனில் அப்படித்தான் சொன்னார்கள்.

பிடிபட்டவர்களில் இருநூறு பேர் போல ஐரோப்பியர்கள். அவர்களை ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் வைத்தார்கள். பெய்லி அங்கேயே 1782இல் இறந்தார். டேவிட் பெயர்டு என்ற இளம் அதிகாரி 1784 வரை சங்கிலியோடு கிடந்தார். இவர்களுடைய துன்பங்கள் 1788 முதல் புத்தகங்களாக வர ஆரம்பித்தன. துன்பங்கள் பொய்யல்ல. ஆனால் அந்த நேரம் கம்பெனிக்குத் திப்புவோடு இன்னொரு சண்டை தேவைப்பட்டது. சண்டைக்குப் பாராளுமன்றத்தின் சம்மதமும் பணமும் வேண்டும், ஊர் ஜனங்களின் கோபமும் வேண்டும். 1790களில் லண்டன் மேடைகளில் திப்புவைக் கொடுங்கோலனாக வைத்து நாடகங்கள் ஓடின. குதிரைகளும் வெடிச்சத்தமுமாக ஆஸ்ட்லி அரங்கில் கூட்டம் அலைமோதியது. கார்ட்டூன்கள் வந்தன. 1799 மே 4 அன்று திப்பு செத்த பிறகு, ராபர்ட் கெர் போர்ட்டர் என்ற இருபத்துச் சொச்சம் வயதுப் பையன் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை விழுந்த காட்சியை 120 அடி நீளத்துக்கு வரைந்து 1800இல் லண்டனில் வைத்தான். காசு கொடுத்துப் பார்க்க வரிசையில் நின்றார்கள். அந்தப் பையன் அப்போது இந்தியாவைக் கண்ணால் பார்த்தது கிடையாது. வெள்ளைக்காரன் மேல் பாய்ந்து நிற்கும் திப்புவின் மரப்புலிப் பொம்மையையும் கப்பலில் கொண்டுபோய் 1808இலிருந்து காட்சிக்கு வைத்தார்கள். பொம்மையைப் பார்த்து ஒரு மனிதனை, ஒரு மனிதனைப் பார்த்து ஒரு மதத்தையே எடைபோட்டார்கள்.

திப்புவுக்கும் இந்த வித்தை தெரியாமல் இல்லை. ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் 1784இல் புள்ளலூர்ப் போரைப் பெரிதாக வரையச் சொன்னார். அதில் பெய்லி பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருப்பார். சுற்றுலா போகும்போது பாருங்கள், சிரிப்பு வரும். ஆனால் சுவர் நகராது. அச்சுப் புத்தகம் கப்பலேறிப் போகும், திரும்பியும் வரும்.

திரும்பி வந்ததுதான் நம் கதை. 1817இல் ஜேம்ஸ் மில் என்பவர் இந்திய வரலாற்றை எழுதினார். இந்தியாவுக்கு வந்ததில்லை, இந்திய மொழி ஒன்றுகூடத் தெரியாது. அதனால்தான் நடுநிலையாக எழுத முடிகிறது என்று முன்னுரையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். நம் வரலாற்றை இந்துக்கள் காலம், முகமதியர் காலம், பிரிட்டிஷ் காலம் என்று மூன்று துண்டாக வெட்டியவர் அவர்தான். இந்தியாவை ஆள வரப்போகும் இளைஞர்கள் அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் கப்பலேறினார்கள். அவர்கள் வைத்த பள்ளிக்கூடங்களில் அதே பகுப்பு பாடமாயிற்று. ஆசிரியர் பயிற்சியில் நானும் அதையே படித்தேன். 34 வருஷம் கரும்பலகையில் அதையே எழுதினேன்.

ஒரே ஒரு உதாரணம். ராஜேந்திர சோழன் கப்பற்படை அனுப்பி ஸ்ரீவிஜயத்தை அடித்தது 1025. கஜினி முகமது சோமநாதபுரத்துக்குப் போனதும் அந்தக் குளிர்காலம்தான், 1025–26. ராஜேந்திரன் செய்ததை "கடல் கடந்த வெற்றி" என்று எழுதிப் போட்டேன். கஜினி செய்ததை "படையெடுப்பு, கொள்ளை" என்று எழுதிப் போட்டேன். கஜினி கொள்ளையடித்தது உண்மை. சோழர் படை ஸ்ரீவிஜயத்திலிருந்து வெறுங்கையோடு வரவில்லை என்பதும் உண்மை. கடாரத்துப் பிள்ளைகள் எந்த வார்த்தையில் படிப்பார்கள் என்று ஒரு நாள்கூட நான் யோசிக்கவில்லை. நம் பக்கத்து முஸ்லிம்கள் மாலிக் காபூரோடு குதிரையில் வந்தவர்கள் என்று உங்களில் பலர் நினைத்திருந்தால் அதற்கும் நானே பொறுப்பு. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வியாபாரத்தோடு வந்த மார்க்கம் அது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் தமிழ்ப்புலவர். இதை நான் தமிழ் வகுப்பில் சொன்னேன், வரலாற்று வகுப்பில் சொல்லவில்லை.

நம் ஊருக்கு இன்னொரு கதையும் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இங்கே இருப்பது தானுகந்த திருமேனி, மேல்கோட்டையில் இருப்பது தமருகந்த திருமேனி. அந்த மேல்கோட்டையில் செல்வப்பிள்ளை விக்கிரகம் டெல்லி சுல்தான் அரண்மனைக்குப் போய்விட்டது. ராமானுஜரே போய் மீட்டு வந்தார். அதைப் பொம்மையாக வைத்து விளையாடிய சுல்தான் மகள் பிரிவு தாங்காமல் பின்னாலேயே வந்து பெருமாளோடு கலந்துவிட்டாள். பீபி நாச்சியார் என்று அவளுக்கு அங்கே இடம் கொடுத்திருக்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் இதே மாதிரிக் கதையோடு துலுக்க நாச்சியார். ரங்கநாதருக்கு ரொட்டியும் வெண்ணெயும் படைப்பது அவளுக்காக என்பார்கள். என் பாட்டி சொல்லி நான் கேட்டது இது.

வரலாற்று ஆசிரியையாக இதிலும் குறை சொல்லத்தான் வேண்டும். ராமானுஜர் 1017இல் பிறந்து 1137இல் பரமபதித்ததாகச் சொல்கிறோம். டெல்லி சுல்தானகம் 1206இல்தான் ஆரம்பம். ஆகவே நடந்த சம்பவமாக இதை எடுத்துக்கொள்ள முடியாது. பின்னாளில் டெல்லிப் படைகள் ஸ்ரீரங்கத்தைச் சூறையாடிய பிறகு உருவாகியிருக்க வேண்டும். எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், அடி வாங்கிய கோயில் அது. அங்கிருந்தவர்கள் அந்த அடியை மறக்கவில்லை, கோயிலொழுகில் எழுதி வைத்தார்கள். அதோடு சேர்த்து அடித்தவன் வீட்டுப் பெண்ணுக்கு நாச்சியார் என்று பெயர் வைத்து உள்ளே இடமும் கொடுத்தார்கள். டிவி இல்லாத காலத்தில் கதாகாலட்சேபம்தான் செய்தி. சொல்கிறவர் இப்படியும் சொல்லியிருக்கிறார்.

இனி நாம் எல்லோரும் பார்த்த காலத்துக்கு வருகிறேன். 1991 மே 21 இரவு நம் ஊரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அடுத்த நாள் முதல் இந்தியா முழுக்க நம் ஊர்ப் பெயர் தெரிந்தது. வடக்கே யாத்திரை போனால் "எந்த ஊர்" என்று கேட்பவர்களிடம் பல வருஷம் காஞ்சிபுரம் என்றே சொன்னேன். குண்டு வைத்தவர்கள் தமிழர்கள். அதற்காக முகாமில் இருந்த இலங்கை அகதிகள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அவர்களுடைய சாமி எது என்று எந்தப் பத்திரிகையும் கேட்கவில்லை. 1998 பிப்ரவரி 14 கோவையில் குண்டுகள் வெடித்து 58 பேர் செத்தார்கள். மன்னிக்க முடியாத செயல். அதற்கு மூன்று மாதம் முன்பு, ஒரு போலீஸ்காரர் கொலையானதைத் தொடர்ந்த கலவரத்தில் அதே கோவையில் 18 முஸ்லிம்கள் செத்ததை எத்தனை பேர் நினைவு வைத்திருக்கிறோம்? நான் அன்றைக்குச் செய்தித்தாளை மடித்து வைத்ததோடு சரி. சினிமாவிலும் அதே காலத்தில்தான் மாற்றம் வந்தது. 1961இல் "பாவமன்னிப்பு" படத்தில் முஸ்லிம் வீட்டில் வளர்ந்தவர்தான் கதாநாயகன். தொண்ணூறுகளுக்குப் பிறகு தொப்பியும் தாடியும் திரையில் வந்தாலே நாற்காலியில் நிமிர்ந்து உட்காரப் பழகிவிட்டோம்.

வெளிநாட்டுக்காரர் விஷயத்திலும் இப்படித்தான். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்த புதிதில் கொரியாக்காரர்களைப் பற்றி டீக்கடையில் பேசாத பேச்சில்லை. தெருநாய் காணாமல் போனால்கூட அவர்கள் தலையில்தான் விழும். இப்போது என் பேத்தி கொரியா சீரியல் பார்த்துவிட்டு எனக்கு அந்த ஊர் வணக்கம் சொல்லித் தருகிறாள். கொரியாக்காரர் யாரும் மாறவில்லை. நாம் பார்ப்பது மாறியிருக்கிறது.

2020 ஏப்ரல். ஊரடங்கு. மாலை ஆனால் டிவியில் தொற்று எண்ணிக்கை வாசிப்பார்கள். அந்த முதல் வாரத்தில் தமிழ்நாட்டுத் தொற்றில் பெரும்பகுதி டெல்லி நிஜாமுதீன் தப்லீக் கூட்டத்துக்குப் போய் வந்தவர்களோடு தொடர்புடையது. அந்தத் தகவல் தவறில்லை. சில நாளில் நம் அரசு கூட்டத்தின் பெயரைச் சொல்வதை நிறுத்தி, "சிங்கிள் சோர்ஸ்" என்று மட்டும் சொன்னது, அது நல்ல காரியம். ஆனால் வடநாட்டுச் சேனல்களில் "கொரோனா ஜிஹாத்" என்ற பெயர் ஓடத் தொடங்கியிருந்தது. அந்த வேகத்தில் வீடியோக்கள் வந்தன. ஒன்றில் ஒரு கைதி போலீஸ்காரர் மேல் துப்புகிறான். அது பிப்ரவரியில் மும்பைப் பக்கம் எடுத்தது, தப்லீக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இன்னொன்றில் தாடி வைத்த ஒரு வயதானவர் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு வண்டியில் பழம் அடுக்குகிறார். அதுவும் பிப்ரவரியில், மத்தியப் பிரதேசம் ராய்சேனில் எடுத்தது. மனநிலை சரியில்லாதவர் என்று அவருடைய குடும்பத்தார் சொன்னார்கள். அதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பழவண்டி வீடியோவை ஏப்ரல் 4 அன்று நம் பழைய மாணவர் குழுவில் போட்டது நான். "பிள்ளைகளே, பழம் வாங்கும்போது யாரிடம் வாங்குகிறோம் என்று பார்த்து வாங்குங்கள்" என்று கீழே ஒரு வரியும் எழுதினேன். பதினாறு பேர் கைகூப்பும் பொம்மை போட்டீர்கள். ஒருவன் மட்டும் ஒன்றும் எழுதாமல் குழுவை விட்டு வெளியேறினான்.

யார் என்று உங்களில் சிலருக்குத் தெரியும். பெயரைக் கமெண்ட்டில் எழுத வேண்டாம், அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவன் அப்பா நம் பஸ் ஸ்டாண்டு ஓரம் தள்ளுவண்டியில் பழம் விற்றவர். ஆண்டுவிழாவுக்கு வாழைப்பழத் தார் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் காசு வாங்காமல் போவார். அந்த வண்டியில்தான் அவன் ஐ.டி.ஐ. வரை படித்தான். 1996இல் புள்ளலூரில் நம்மோடு இருந்தான். ஹைதர் அலி ஜெயித்தார் என்று நான் சொன்னதும், பின்னால் இருந்து ஒருவன், "டேய், உங்க ஆளு ஜெயிச்சுட்டாருடா" என்றான். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அவன் என்னைப் பார்த்து, "டீச்சர், அப்ப நம்ம ஊர்க்காரங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டான். பஸ்ஸுக்கு நேரமாகிறது, நடங்கள் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு யாருமே கேட்காத நல்ல கேள்வி அது.

அவன் வெளியேறியதை நான் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். போன் பேசலாமா என்று யோசித்து, கோபம் ஆறட்டும் என்று விட்டேன். அந்த ஜூனில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை, தப்லீக்குக்காக வந்து சிறையில் இருந்த வங்கதேச, இந்தோனேசியக்காரர்கள் 31 பேர் மீதான வழக்கை முடித்து வைத்து ஊருக்கு அனுப்பச் சொன்னது. ஆகஸ்ட் 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, பத்திரிகைகளும் டிவிக்களும் பெரிய பிரசாரம் நடத்தி வெளிநாட்டவரைப் பலிகடா ஆக்கின என்று சொல்லி வழக்கை ரத்து செய்தது. டிசம்பரில் டெல்லி நீதிமன்றம் 36 வெளிநாட்டவரை விடுதலை செய்தது. ஏப்ரலில் முதல் பக்கத்தில் வந்த செய்தி இது. தீர்ப்பு வந்த அன்று நான் உள்பக்கத்தில் தேடிப் படித்தேன். குழுவில் போடவில்லை. வீடியோவைப் போட்ட கைக்குத் தீர்ப்பைப் போட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

2023 மார்ச்சில் அடி நம் பக்கம் திரும்பியது. தமிழ்நாட்டில் பீகார்காரர்களை வெட்டுகிறார்கள் என்று வடக்கே செய்தி ஓடியது. ரயிலில் வடமாநிலத் தொழிலாளிகளை ஒருவன் அடித்த வீடியோ அதற்கு முன்பே வந்திருந்தது, அது நிஜம்தான், வெட்கக்கேடு. ஆனால் கொலை என்று காட்டிய வீடியோக்களில் ஒன்று பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை என்றும், இன்னொன்று கோவை உள்ளூர்க்காரர்களின் சண்டை என்றும் நம் டி.ஜி.பி. விளக்கம் கொடுத்தார். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே விசாரிக்க வந்தது. எங்கள் மாடியில் குடியிருந்த நான்கு பையன்கள் ஒரகடத்தில் வேலை பார்ப்பவர்கள். ஹோலிக்கு ஊருக்குப் போகாமல் இருக்கலாம் என்றிருந்தவர்கள், அம்மாக்கள் போனில் அழுததும் இரண்டே நாளில் பெட்டி கட்டினார்கள். ஒருவன் என்னிடம் செல்போனைக் காட்டி, "ஆன்ட்டி, இது உங்க ஊரா?" என்று கேட்டான். இரண்டு வருஷமாக எங்கள் வீட்டுப் பொங்கலைச் சாப்பிட்டவன். எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. யாரோ எங்கேயோ எடுத்ததைக் காட்டி நம்மை எப்படி இப்படிச் சொல்லலாம் என்று இரவெல்லாம் தூக்கம் இல்லை. விடியற்காலையில் பழவண்டி வீடியோ நினைவுக்கு வந்தது.

அப்போதும் நான் போன் பண்ணவில்லை. போன மாதம் புள்ளலூரில் அந்தத் தூண் பக்கத்தில் நின்றுகொண்டுதான் பண்ணினேன். இன்னொரு மாணவியிடம் நம்பர் வாங்கினேன். மறைமலை நகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை. எடுத்ததும், "டீச்சர், நல்லா இருக்கீங்களா?" என்றான். வீடியோவைப் பற்றி நானே பேச்சை எடுத்தேன். "விடுங்க டீச்சர், அன்னைக்கு எல்லாரும்தான் அனுப்பினாங்க" என்றான். அப்பாவைக் கேட்டேன். 2020 மே மாதம் வண்டியை எடுத்தபோது, வாடிக்கையாக வாங்கும் ஆட்களே வண்டியைத் தாண்டிப் போனார்களாம். ஒரு மாதம் பார்த்துவிட்டு வண்டியை விற்றுவிட்டாராம். இப்போது அவன் வீட்டில்தான் இருக்கிறார், சர்க்கரை இருக்கிறது, கண் சரியாகத் தெரிவதில்லை.

தாண்டிப் போனவர்களில் நம் குழுவில் இருந்தவர்கள் உண்டா என்று நான் கேட்கவில்லை.

இந்தப் பதிவை எழுதட்டுமா என்று கேட்டேன். பெயர் போடாமல் எழுதுங்கள் என்றான். 1996இல் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொன்னேன்: நம் ஊர்க்காரர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள் அப்பா, மிச்சப் பேர் வீடு எரிந்து ஓடிக்கொண்டிருந்தார்கள். சிரித்தான். "அந்த ரெண்டு தூணும் இன்னும் இருக்கா டீச்சர்? பொண்ணு ஏழாவது படிக்குது, ஒரு நாள் கூட்டிட்டு வர்றேன்" என்றான். இருக்கிறது என்றேன். சுற்றிலும் நெல் நட்டிருக்கிறார்கள், மழைக்கு முன்னால் வந்தால் வரப்பில் நடக்கலாம்.